நோட்டில் 5.40, கடிகாரத்தில் 5.46

அழகிரியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவன் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய, மாதவன் என்கிற பஸ் முதலாளி மேல் அளவில்லாமல். நிதானமாக எழுதலாம் என்று மூன்று முறை முயன்று கிழித்துப் போட்டாயிற்று. இனி வருகிறபடி வரட்டும்.

அழகிரி என்னோடு திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். லால்குடிக்குப் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம். வகுப்பிலேயே அவன்தான் கெட்டிக்காரன், இதை நான் தயங்காமல் சொல்வேன். கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் எங்கள் இருவருக்கும் ஊசல் சோதனை வந்தது. ஊசலை ஆட்டிவிட்டு, அலைவுகளை எண்ணி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.8 என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் பண்ணி வைத்திருப்போம். அதனால் எல்லோரும் செய்கிறபடி நானும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற அளவுகளைக் கற்பனையாக நிரப்பினேன். ஊசல் என் மேசையில் ஆடக்கூட இல்லை. அழகிரி நிஜமாகவே ஆட்டினான், நிஜமாகவே அளந்தான். அவனுக்கு 9.52 வந்தது. அப்படியே எழுதினான்.

எனக்கு முழு மதிப்பெண். அவனுக்குப் பாதிகூட இல்லை. நான் எம்.எஸ்சி. சேர்ந்து, கல்லூரி வாத்தியாராகி, போன வருடம் ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். அவன் பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டினான், மருந்துக் கடையில் நின்றான், கடைசியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் ஆனான். நியாயம் என்ற ஒன்று எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

டைம் கீப்பர் வேலை என்பது இதுதான். லால்குடிப் பக்கம் போகும் தனியார் பஸ்கள் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒரு அட்டையில் அச்சடித்திருக்கும். முதலாளிகள் சேர்ந்து ஒருவரை வேலைக்கு வைப்பார்கள். அவர் விசில் ஊதிப் பஸ்ஸைக் கிளப்பி, கிளம்பிய நேரத்தை நோட்டில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆனால் எந்தப் பஸ்ஸும் விசிலுக்குக் கிளம்பாது. "ரெண்டு நிமிஷம்ணே, அந்தா நாலு பேர் ஓடி வராங்க பாருங்க" என்பார்கள். ரெண்டு நாலாகும், நாலு ஆறாகும். அதை அப்படியே நோட்டில் எழுதினால் பின்னால் வரும் பஸ்காரன் சண்டைக்கு வருவான், முதலாளிகளுக்குள் பஞ்சாயத்து நடக்கும், டைம் கீப்பருக்குத்தான் திட்டு விழும். ஆகவே காலம் காலமாக ஒரு வழக்கம். நோட்டில் அட்டையில் இருக்கும் நேரத்தைத்தான் எழுதுவது. கடிகாரத்தில் இருப்பது கடிகாரத்தோடு. எல்லா டைம் கீப்பரும் இதைத்தான் செய்கிறார்கள், யாருக்கும் இது பொய்யாகவே படுவதில்லை. 9.52 என்று எழுதிய அழகிரியும் இருபத்திரண்டு வருடம் இதைத்தான் செய்தான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் அவன் சட்டைப் பையில் இன்னொரு சின்ன நோட்டு இருக்கும். அதில் நிஜமான நேரத்தை எழுதிக்கொள்வான். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "ரீடிங்டா. எங்கயாச்சும் ஒரு இடத்துல சரியா இருக்கணுமில்ல?" என்றான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

வேலைக்கு நடுவில் அவன் படிப்பதை விடவில்லை. சார்பியல், வெளி, காலம் என்று எதையாவது படித்துவிட்டு வாரம் ஒருமுறை என்னைப் பிடித்து டீக்கடையில் சண்டை போடுவான். அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில். சமன்பாட்டுக்காகக் கோபப்படுகிற ஒரு மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன நவம்பரில் தில்லை நகரில், ஒரு கிளினிக் மாடியில் இருக்கும் சின்ன அரங்கில், காலத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். புரவலர் மாதவன். இதே லால்குடி வழியில் ஆறு பஸ் ஓட்டுகிற முதலாளி. முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் அழகிரி.

நான் நன்றாகவே பேசினேன். "இப்போது" என்பது எல்லோருக்கும் பொது அல்ல என்றேன். நடந்து போகிறவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும், வெகுதொலைவில் இருக்கும் ஒரு நட்சத்திர மண்டலத்தில் "இப்போது" நடப்பது வேறு வேறு. ஒருவருக்கு அங்கே இன்னும் நடக்காதது, இன்னொருவருக்கு நடந்து முடிந்தது. அப்படியானால் நாளை என்பது இனிமேல் முளைக்கப்போவது அல்ல, இருக்கிறது. நாம் சத்திரத்தில் நிற்கும்போதே லால்குடி அங்கே இருக்கிற மாதிரி. இதுவரைக்கும் சரி. இப்படிச் சொல்கிற இயற்பியலாளர்கள் நிறையப் பேர் உண்டு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் வாங்க வேண்டும் என்கிற நப்பாசையில் கடைசியாக ஒரு வாக்கியம் சேர்த்தேன். "ஆகவே நடந்தது எதுவும் வேறு மாதிரி நடந்திருக்கவே முடியாது." அரங்கம் கைதட்டியது. மாதவன் எழுந்து நின்று தட்டினார்.

கீழே டீக்கடையில் அழகிரி காத்திருந்தான். முகம் சிவந்திருந்தது.

"கடைசியா ஒண்ணு சொன்னியே, அது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"ஏன், தப்பா?"

"இருக்குங்கிறது வேற, இருந்தே தீரணுங்கிறது வேறடா. லால்குடி அங்க இருக்கு. அதனால அது அங்கதான் இருந்தாகணும்னு ஆயிடுமா? ஐன்ஸ்டீன் சமன்பாட்டுக்கு விடை ஒண்ணேதானா? கணக்கில்லாத விடை. ஒவ்வொண்ணும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் முழுசா ஒரு உலகம். அதுல நம்ம உலகம் எதுன்னு சமன்பாடு சொல்லாது. இதுவும் ஆகும், அதுவும் ஆகும்னு அது பாட்டுக்கு இருக்கும். டைம் டேபிள் அச்சடிச்சு ஒட்டியாச்சுங்கிறதுக்காக வேற டைம் டேபிள் போட்டிருக்கவே முடியாதுன்னு சொல்வியா? சமன்பாடு சொல்லாத ‘முடியாது’வை நீ எங்கேர்ந்து கொண்டு வந்த?"

அவன் சொன்னது முழுக்கச் சரி. எனக்கு அது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நடந்தது மாறாது, ஆனால் நடக்காமல் இருந்திருக்கலாம். இந்த இரண்டும் ஒன்றையொன்று அடிக்காது. முப்பது வருடம் வாத்தியாராக இருந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்தும், நாலு பேருக்கு முன்னால் தோற்க மனம் வராமல், "நீ டைம் கீப்பர். டைமைப் பாரு. தத்துவத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டுப் போனான். பாதி டீ அப்படியே இருந்தது. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். மாதவனின் பஸ் சத்திரத்தில் 5.40-க்குக் கிளம்ப வேண்டும். டிரைவர் கூட்டத்துக்காக நின்றார். அழகிரி விசில் ஊதினான், கத்தினான், பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினான். நகரவில்லை. 5.46-க்குத்தான் கிளம்பியது. பெரிய நோட்டில் 5.40 எழுதினான். சின்ன நோட்டில் 5.46.

ஆறு நிமிடத்தை வழியில் பிடிக்காவிட்டால், பின்னால் வருகிற பஸ் முந்திக்கொள்ளும், லால்குடியில் திரும்பி வரும் டிரிப்பும் கையை விட்டுப் போகும். ஆகவே டிரைவர் பறந்திருக்கிறார். டோல்கேட் தாண்டி வாளாடிக்குக் கொஞ்சம் முன்னால், 6.12-க்கு, சாலையைக் கடந்துகொண்டிருந்த காத்தமுத்து என்கிறவர் மேல் பஸ் மோதியது. ஐம்பத்தைந்து வயது. வயல் வேலை முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அங்கேயே போய்விட்டார்.

விசாரணைக்கு வந்தவர்கள் நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். பஸ்ஸில் இருந்த ஜி.பி.எஸ். பெட்டி பல மாதமாகச் செத்துக் கிடந்ததால், நோட்டுதான் சாட்சி. 5.40-க்குக் கிளம்பி 6.12-க்கு அந்த இடம். வழக்கமாக முப்பது நிமிடம் ஆகும் தூரம், முப்பத்திரண்டு ஆகியிருக்கிறது. ஆக, பஸ் மெதுவாகத்தான் வந்தது. இறந்தவர் போனில் பேசியபடியே கவனமில்லாமல் குறுக்கே வந்துவிட்டார். இப்படி எழுதி முடித்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பூசணிக்காயை மறைத்தது யாரும் திட்டம் போட்டு அல்ல. பழக்கம் மறைத்தது.

இரண்டு வாரம் கழித்து அழகிரி என் வீட்டு மணியை அடித்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னான். போனில் அந்த மனிதரோடு பேசியது அவருடைய மனைவி சந்திரம்மாள். வரும் வழியில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். கடை சாலைக்கு அந்தப் பக்கம். அதனால்தான் காத்தமுத்து குறுக்கே போனார்.

"அந்தம்மா தான்தான் புருஷனைக் கொன்னுட்டோம்னு சொல்லிக்கிட்டுச் சாப்பிடாம கெடக்குதாம்டா. கண்டக்டர் வந்து சொன்னாரு. எனக்குச் சோறு எறங்கல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுடா. போனவர் வரப்போறதில்ல. நீ உண்மையைச் சொன்னா வேலையும் போகும், பொய் நோட்டு எழுதினதுக்குக் கேஸும் வரும்" என்றேன். படித்த கோழையைப் போல மோசமான ஆலோசகன் உலகத்தில் கிடையாது.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நாளைக்குக் கருமாதி. நீயும் வர்ற" என்றான்.

போனோம். வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், சொந்தக்காரர்கள். நாங்கள் ஓரமாக உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். கார் வந்து நின்றது. மாதவன். அதே வெள்ளை வேட்டி. நேராகச் சந்திரம்மாள் எதிரில் போய்க் கைகூப்பி நின்றார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலையை இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மனசைத் தேத்திக்கங்கம்மா. இது யார் கையிலயும் இல்ல. எழுதினது எழுதினபடிதான். நான் சும்மா சொல்லல, சயின்ஸே இதைத்தான் சொல்லுது. நடந்தது வேற மாதிரி நடந்திருக்கவே முடியாதாம். இதோ, அதைச் சொன்ன புரொபசர் சாரே வந்திருக்காரு. கேட்டுப் பாருங்க."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சந்திரம்மாள் தலையைத் தூக்கினார். அழுது அழுது கண் வற்றிப்போன முகம்.

"அப்படிங்களா சார்? என்ன பண்ணியிருந்தாலும் தப்பிச்சிருக்க முடியாதுங்களா?"

என் கைதட்டல் வாக்கியம் என் கண் முன்னால், ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அந்தம்மாவுக்கு அன்றைக்கு ஒருவேளை தூக்கம் வரும். மாதவனுக்குக் கட்டாயம் வரும்.

"இல்லம்மா" என்றேன். "அது நான் தப்பாச் சொன்னது. சயின்ஸ் அப்படிச் சொல்லல."

"சார் என்ன இப்படி..." என்று மாதவன் ஆரம்பித்தார். அதற்குள் அழகிரி எழுந்துவிட்டான்.

"நீங்க உக்காருங்க மொதலாளி" என்றான். சின்ன நோட்டைப் பையிலிருந்து எடுத்து, சந்திரம்மாளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். "அம்மா, நான் சத்திரத்துல டைம் கீப்பர். பஸ் அன்னைக்கு அஞ்சு நாப்பதுக்குக் கெளம்பல, அஞ்சு நாப்பத்தாறுக்குக் கெளம்புச்சு. நோட்டுல நாப்பதுன்னு பொய் எழுதினது நான். இதுல இருக்கிறதுதான் நெசம். சரியான நேரத்துக்குக் கெளம்பியிருந்தா, உங்க வீட்டுக்காரர் ரோட்டுல எறங்குறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே அந்த எடத்தைத் தாண்டியிருக்கும். லேட்டாக் கெளம்பினாலும் வெரட்டாம வந்திருந்தா, அவர் கடைக்குப் போய்ச் சேந்து நாலு நிமிஷம் கழிச்சுத்தான் வந்திருக்கும். எப்படிப் பாத்தாலும் அவர் உசிரோட இருந்திருப்பாரு."

யாரோ ஒரு பெண் சத்தமாக அழத் தொடங்கினாள். மாதவன், "அழகிரி, யோசிச்சுப் பேசு" என்றார்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடக் கோபம் எழுந்து நின்றது.

"எதை யோசிக்கணும்? முடியாதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் மொதலாளி. சூரியன் இந்த நிமிஷம் அணைஞ்சு போனா, எட்டு நிமிஷத்துக்கு அந்தச் சேதி இங்க வந்து சேராது. வெளிச்சத்தை விட வேகமா எதுவும் வராது. அந்த எட்டு நிமிஷத்துல ஒலகமே சேந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குப் பேருதான் முடியாது. சத்திரத்துக்கும் வாளாடிக்கும் நடுவுல இருபத்தாறு நிமிஷம் இருந்துச்சு. என் கையில போன் இருந்துச்சு. மெதுவாப் போகச் சொல்லுன்னு கண்டக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள போய்ச் சேந்திருக்கும். நான் சொல்லல. ஆறு நிமிஷம் நிக்காதீங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாம். நீங்களும் சொல்லல. முடிஞ்சதைச் செய்யாம விட்டுட்டு, முடியவே முடியாதுன்னு துக்க வீட்டுல வந்து சொல்றீங்களே, வாய் கூசல?"

மாதவன் செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

சந்திரம்மாள் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் போன் பண்ணாம இருந்திருந்தாலும் பொழைச்சிருப்பாருல்ல?"

இந்தக் கேள்விக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். அழகிரி பொய் சொல்லவில்லை.

"பொழைச்சிருப்பாரும்மா. அதுவும் நெசந்தான். ஆனா கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னு புருஷன்கிட்டச் சொல்றது தப்பில்ல. அதைச் சொல்ல உங்களுக்குப் பாத்தியதை உண்டு. ஆறு நிமிஷத்தைத் திருடிட்டு, அதை ரோட்டுல போறவன் உசிர்லேர்ந்து எடுக்க எங்களுக்குப் பாத்தியதை இல்ல. தப்பு எங்கது."

பிறகு அந்தம்மா கையை ஓங்கி அழகிரியின் தோளில் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

"பாவி. நாசமாப் போறவனே. பதினாறு நாளா யாரைத் திட்டுறதுன்னு தெரியாம என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்டா. விதி, விதின்னு ஆளாளுக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க. விதியை எங்க போய்ப் புடிச்சு அடிப்பேன்? உங்கையால எழுதினியா? இந்தக் கையாலயா?"

"இந்தக் கையாலதாம்மா" என்று அழகிரி வலது கையை நீட்டினான். விலகவில்லை, தடுக்கவில்லை. அந்தம்மா திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான். முடித்ததும் சந்திரம்மாள் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "பசிக்குது, கொஞ்சம் சோறு போடு" என்றார். பதினாறு நாளில் அவராகச் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை என்று அந்தப் பெண் எங்களிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் அழகிரி காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தான். நானும் கூடப் போனேன். இருபத்திரண்டு வருடத்துச் சின்ன நோட்டுகள், அரிசிச் சாக்கு ஒன்றில் முக்கால்வாசி இருந்தன. சாக்கை நான்தான் சுமந்தேன். கேஸை மறுபடி திறந்திருக்கிறார்கள். டிரைவர் மேல் வழக்கு, அழகிரி மேலும் வழக்கு. வேலை அன்றைக்கே போயிற்று. பேருந்து நிலையத்தில் அவனோடு யாரும் பேசுவதில்லை, கூட இருந்தே குழி பறித்தவன் என்கிறார்களாம். மாதவன் மேல் இதுவரை ஒரு தூசிகூட விழவில்லை.

போன திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு வேலையாகச் சத்திரம் போனேன். லால்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது. வேறொரு டைம் கீப்பர், நாற்பது வயதிருக்கும், விசிலை ஊதிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் கூட்டத்துக்காகக் காத்திருந்தார். பஸ் உறுமிக்கொண்டு அசைந்தபோது என் கடிகாரத்தைப் பார்த்தேன். 5.47. எட்டி அவருடைய நோட்டைப் பார்த்தேன். 5.40.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"நோட்டுல இருக்கிறதை அடிங்க" என்று கத்தினேன். "5.47-ன்னு எழுதுங்க. எழுதிட்டு, வெரட்டாம மெதுவாப் போகணும்னு டிரைவர்கிட்டச் சொல்லுங்க."

"யார் சார் நீங்க?"

"பாடம் தப்பா நடத்தின வாத்தியார்."

டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் நின்ற பஸ்களும் அடித்தன. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, கிழவனுக்குப் பைத்தியம் என்று யாரோ சிரித்தார்கள். அந்த ஆள் பேனாவை எடுத்து, 5.40-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 5.47 என்று எழுதி, டிரைவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வரும்வரைக்கும் நான் நகரவில்லை.